சிமாங் வீட்டுப் புதுப் படி

சிமாங் இல்லாமல் அந்த ஏரிக்கரை ஊரில் ஒரு விருந்தும் வேகாது. பத்தாங்காஸ் பக்கம் கல்யாணமோ ஞானஸ்நானமோ, மாட்டுக்கறிக் கல்தெரெத்தா கொதிக்காத விசேஷம் ஒரு விசேஷமா? அந்த அண்டாவுக்கு முன்னால் நீளக் காம்புக் கரண்டியோடு நிற்கும் உரிமை அவளுக்குத்தான். கிண்டுவாள், சுற்றி நிற்பவர்களைத் திட்டுவாள், கறி இறக்கியதும் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் எல்லாரையும் விட உரக்கப் பாடுவாள். கூட்டம் என்றால் அவளுக்கு உயிர்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் இந்தச் சோதனை வந்தது. கணவன் தாதோய்க்குச் சிறுநீரகம் மாற்றிய சூட்டோடு ஊருக்குள் கொரோனாவும் வந்து சேர்ந்தது. மாற்றிய உறுப்பு உடம்பில் நிலைக்க மருந்து தின்றாக வேண்டும். அந்த மருந்தோ நோயை எதிர்க்கும் தெம்பைத் தின்றுவிடும். தடுப்பூசிகூட அவனுக்கு அரைகுறையாகத்தான் வேலை செய்யும் என்றார் டாக்டர். "முடிஞ்ச அளவுக்குக் கூட்டத்தைக் குறைச்சுக்குங்க" என்றும் சொன்னார். முடிந்த அளவு என்றால் எந்த அளவு? ஊரடங்கு இருந்தவரை அதை அரசாங்கம் சொன்னது. ஊரடங்கு போய், ஊரே மாஸ்க்கைக் கழற்றி வீசிவிட்டுப் பழையபடி ஆடத் தொடங்கியதும் அந்தக் கணக்கு முழுதும் சிமாங் தலையில் விழுந்தது.

அவள் அதைக் கறிக்கு உப்புப் போடுகிற மாதிரி பார்த்துப் பார்த்துப் போட்டாள். வெட்டவெளியில் அடுப்பு, நல்ல காற்று, ஆட்கள் கரண்டிக் காம்பு தூரத்துக்கு அப்பால்: சமைக்கலாம். மண்டபத்துக்குள் கால் வைக்கக் கூடாது. சாவு வீட்டில் தெருப் பந்தலோடு சரி. மாதா கோயிலில் வெளியே மரத்தடியில் நின்று ஒலிபெருக்கியில் பூசை கேட்டால் போதும், கடவுளுக்குத் தெரியும். பாட்டு மட்டும் அறவே கிடையாது, ஏனென்றால் பாட்டு எப்போதும் உள்ளேதான் நடக்கும். இறக்கிய அண்டாவை உள்ளே தூக்கிப் போவார்கள், இவள் அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்கு நடப்பாள். பின்னாலேயே பாட்டுச் சத்தம் வரும். சில நாள் அழுதுகொண்டே நடந்திருக்கிறாள்.

ஊர் சும்மா இருக்குமா? எதிர்வீட்டுத் தச்சன் பிதியோங்குக்கு வேலையே அதுதான்.

"என்னக்கா, இன்னும் மூஞ்சிய மூடிக்கிட்டுத் திரியற? பல்லு கொட்டிப் போச்சா?"

"உன் வாய் நாத்தத்துக்கு ஒண்ணு பத்தலடா. ரெண்டு போடலாமான்னு யோசிக்கிறேன்."

இந்த நேரம் பார்த்துத்தான் மகள் லிவாய், பக்கத்து ஊர் ஜோமாரைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றாள். பையன் தங்கமானவன். பிரச்சினை அவனிடம் இல்லை. அந்தப் பக்கத்து வீடுகள் தூண்களின் மேல் மாடி உயரத்தில் நிற்கும். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுப் படியேறி வந்து பெண் கேட்க வேண்டும், அதுதான் அங்கே முறை. ஏறினால் சம்பந்தம். ஏறவிடாமல் முற்றத்திலேயே உட்காரவைத்துக் காப்பி கொடுத்தால் வந்த வழியே போகலாம் என்று அர்த்தம். வாய் திறந்து இல்லை என்று சொல்லும் சங்கடம் யாருக்கும் வேண்டாம் பாருங்கள்.

பிறந்ததிலிருந்து இந்த முறையிலேயே ஊறியவள், எத்தனையோ பெண் கேட்புக்குக் கறி வைத்தவள், அதைத்தான் மறந்தாள்! காற்றை யோசித்தாள், இடைவெளியை யோசித்தாள், தாதோய் மாடி ஜன்னலில் இருந்தே பேசட்டும் என்று யோசித்தாள். பலாமரத்தடியில் நாற்காலிகளை அழகாகப் போட்டுவைத்தாள். ஜோமாரின் அம்மா பெனியாங், சுட்ட பன்றியும், வாழையிலையில் பொதிந்த சுமான் அரிசிப் பலகாரமும் சுமந்த சொந்தபந்தத்தோடு வந்து இறங்கினாள். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த ரோஷம். நாற்காலிகளைப் பார்த்தாள். படியைப் பார்த்தாள்.

"உக்காருங்கக்கா, சூடா காப்பி கொண்டு வரேன்" என்றாள் சிமாங்.

பெனியாங்கின் முகம் சுருங்கியது. "காப்பி எங்க வீட்லயும் இருக்கு. பன்னியத் தூக்குங்கடா, போலாம்."

சிமாங்குக்கு உறைப்பதற்குள் பன்றி தெருமுனையைத் தாண்டிவிட்டது.

லிவாய் அழுத அழுகையில் வீடு நனைந்தது. "ஒரு நாள்தானம்மா, ஜன்னலைத் திறந்து வச்சா ஆகாதா?" என்றாள். அதையேதான் ஊரும் கேட்டது. தாதோய் இன்னும் ஒருபடி மேலே போனான். "எத்தன வருஷமா ஜன்னல் வழியாவே வாழறேன் சிமாங். எம் பொண்ணு கல்யாணப் பேச்சுலயாவது மனுஷனா உக்காரறேனே. வர்றது வரட்டும்."

அந்த ஒரு பேச்சில் சிமாங் ஆடிப்போனாள். கூடத்தில் போய் நின்றாள். தாழ்ந்த கூரை, அத்தனை பேர் உட்கார்ந்தால் ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுக்க வேண்டியதுதான். பெனியாங்கோடு வந்தவர்களில் ஒருவன் லொக்கு லொக்கென்று இருமியதும் நினைவு வந்தது. மகளின் கல்யாணமா, புருஷனின் உயிரா என்று கேட்டால் ஒரு பெண் என்ன பதில் சொல்வாள்? பதில் சொல்ல மாட்டேன் என்று முடிவு செய்தாள். இரண்டும் வேண்டும் அவளுக்கு. கூடத்துக்குள் ஒருவரும் வரக் கூடாது, அதில் ஓர் இம்மிகூடக் குறைக்க முடியாது. ஆனால் படி ஏறினால்தானே முறை? கூடத்துப் படியைத்தான் ஏற வேண்டும் என்று யார் சொன்னது?

சமையலறைக்குப் பின்னால், மாடி உயரத்திலேயே, மூங்கில் பிளாச்சு போட்ட திறந்த மேடை இருந்தது. பத்தாலான் என்பார்கள், பாத்திரம் கழுவும் இடம், தண்ணீர் ஜாடி வைக்கும் இடம். கூரை இல்லை, சுவர் இல்லை, ஏரிக்காற்று நேராக வந்து அறையும். அதுவும் வீடுதானே!

பிதியோங்கைக் கூப்பிட்டாள். "மேடையை அகலமா இழுத்துக் கட்டணும். தோட்டத்துல இருந்து நேரா ஏறப் புதுப் படி வைக்கணும்."

"பாத்திரம் கழுவற எடத்துலயாக்கா பொண்ணு கேக்கறது?" என்று சிரித்தான். ஆனால் மறுநாள் விடிந்ததும் மூங்கிலோடு வந்தவன் அவன்தான். அவனைப் பார்த்து ஊரே வந்தது. கேலி பேசிய அதே வாய்களில் ஆணியைக் கவ்விக்கொண்டு ஆட்கள் மேடை கட்டியதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். படி முடிந்ததும் சிமாங் ஊர் வழக்கப்படி சகுனம் பார்க்கக் கீழிருந்து எண்ணினாள்: தங்கம், வெள்ளி, சாவு; தங்கம், வெள்ளி, சாவு. கடைசிப் படி சாவில் முடிந்தது.

"அடப் பாவி, கல்யாண வீட்டுக்கு வைக்கிற படியா இது? இன்னொண்ணு போடுடா!"

போட்டான். தங்கத்தில் முடிந்தது.

பிறகு பெனியாங் வீட்டுக்குப் போனாள். முற்றத்திலேயே நின்றாள்.

"மேல வரமாட்டியோ?" என்று மேலிருந்து கேட்டாள் பெனியாங். குரலில் முள்.

"வரமாட்டேங்கக்கா. உங்கள மதிக்காம இல்ல. யார் வீட்டுக்குள்ளயும் போறதில்ல. எதையாவது ஒட்டவச்சுக்கிட்டுப் போனா எம் புருஷன் தாங்கமாட்டாரு. அன்னிக்கு நான் பண்ணினது தப்பு. கீழ உக்காரவச்சது உங்க மனசைக் குத்தும்னு தோணாமப் போச்சு. அதுக்குத்தான் புதுசா ஒரு படி கட்டியிருக்கேன். இன்னும் யார் காலும் படல. மொதக் கால் உங்களதா இருக்கணும்."

பெனியாங் படி விளிம்புவரை வந்து குனிந்து பார்த்தாள். "தங்கத்துலதான முடியுது?" என்றாள் கடைசியில்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டம் முழுக்க ஜனம். பெனியாங் தன் கவுன் துணியிலேயே மாஸ்க் தைத்துச் சொந்தபந்தம் எல்லாருக்கும் மாட்டிவிட்டிருந்தாள். இருமல்காரனை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். மேடையில் மாதா சிலை, பூவேலை செய்த மேசை விரிப்பு, காற்று வரும் பக்கம் தாதோய்க்கு நாற்காலி. பெனியாங் வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறினாள். படி கிரீச்சிட்டது. கீழே பிதியோங் கண்ணை மூடிக்கொண்டான். கடைசிக்கு முந்தின படியில் அவளுக்கு மூச்சு வாங்கியது. "சாவு" என்று சொல்லி நின்றுவிட்டாள்.

சிமாங் கையை நீட்டவில்லை. அடுப்படியிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த கரண்டியைத் திருப்பிப் பிடித்து அந்த நீளக் காம்பை நீட்டினாள். பெனியாங் அதைப் பற்றிக்கொண்டாள். ஒரே இழுப்பு.

"தங்கம்!" என்று கத்தினாள் பெனியாங். "ஏறிட்டேன் சம்பந்தி!"

தோட்டமே ஆர்ப்பரித்தது. தாதோய் எழுந்து நின்றான். ஜன்னல் சட்டம் இல்லாமல் அவனை முழு ஆளாகப் பார்த்தே வருஷங்கள் ஆகியிருந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஏறி வந்தவங்கள எறக்கிவிடற பழக்கம் எங்களுக்கு இல்ல. பொண்ணு உங்களது" என்றான். லிவாய் அழுதாள், ஆனால் அது வேறு அழுகை.

"பாடுக்கா!" என்று கீழிருந்து யாரோ கூவினார்கள். சிமாங் மேடையின் மறுகோடிக்குப் போனாள். காற்றுப் போகும் திசையில், தோட்டத்தைப் பார்த்து நின்று, மாஸ்க்கை இறக்கினாள். இத்தனை வருஷம் அடக்கிவைத்த குரல் ஏரிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். ஒன்று முடிந்தால் இன்னொன்று கேட்டார்கள்; அவளும் விடவில்லை.

கீழே அண்டாவில் கல்தெரெத்தா அடிபிடித்தது. சிமாங்கின் வாழ்நாளில் அதுதான் முதல் முறை. ஒருவரும் குறை சொல்லவில்லை. பெனியாங் இரண்டாம் தட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.