வள்ளிநாயகி தலையாட்டினாள்

மூன்றாவது கெட்டிலும் அடிகருகியபோது தர்மராஜ் முடிவெடுத்துவிட்டான். கிள்ளானிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்துபோகிறவன் அவன். ரந்தாவ் ஊருக்கு வெளியே, தோட்டத் தொழிலாளர்களுக்கென்று கட்டிய சின்ன வீட்டில் அம்மா தனியாக இருந்தாள். கெட்டில் விசிலடித்து, தண்ணீர் வற்றி, கைப்பிடி உருகி, நாற்றம் பக்கத்து வீட்டுக்குப் போய் அவர்கள் ஓடி வந்தபோது வள்ளிநாயகி வாசலில் வெண்டைச் செடிகளுக்கு அடியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

அறுபத்தெட்டு வயது. போன் அடித்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும் கேட்டதற்குப் பதில் வருவதில்லை. கோயிலுக்குப் போவது நின்றுவிட்டது. மருமகள் ஷாமினி காலையில் சொன்னதை மாலையில் கேட்டால் புதிதாகக் கேள்விப்படுவதுபோல் பார்ப்பாள்.

சிரம்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் நவம்பர் முதல் தேதி ஒரு படுக்கை காலியாக இருந்தது. அவர்கள் டாக்டர் கடிதம் கேட்டார்கள். தர்மராஜ் அம்மாவை ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனான்.

டாக்டர் முகக்கவசம் போட்டிருந்தார். நடுவில் பிளாஸ்டிக் திரை. ஐந்து சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். வள்ளிநாயகி சிரித்தாள். மறதி இருக்கிறதா என்று கேட்டார். தலையாட்டினாள். அடுப்பை அணைக்க மறப்பதுண்டா. தலையாட்டினாள். வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றதுண்டா. அதற்கும் தலையாட்டினாள். தர்மராஜுக்கு அது தெரியாது. எங்கே நின்றாள், எத்தனை முறை, யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தான்.

முப்பதுக்குப் பதின்மூன்று புள்ளி. தனியாக இருக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதமும் கொடுத்தார். அங்கே தேதி அடுத்த வருடம்தான் கிடைத்தது.

காரில் தர்மராஜ் திரும்பி, அவள் முகத்தைப் பார்த்து, இல்லத்தைப் பற்றிச் சொன்னான். அவள் கேட்டது ஒன்றுதான். அங்கே நாமே சமைத்துக்கொள்ளலாமா. முடியாது என்றான். சரி என்றாள். தன் தலைக்குள் ஏதோ ஆகிவிட்டது என்று அவளும் நம்பத் தொடங்கியிருந்தாள்.

தோட்டத்து ரப்பர் ஆலையில் அவள் முப்பத்தொரு வருடம் வேலை செய்திருக்கிறாள். வரி வெட்டிய இரண்டு இரும்பு உருளைகள் எதிரெதிரே சுழலும். கட்டி ரப்பரை நடுவில் தள்ளி, தகடாக வருவதை மடித்து மறுபடி தள்ள வேண்டும். மேலே தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு மெஷின்கள். ஒரே தகரக் கூரை. காதில் வைக்கப் பஞ்சுகூட யாரும் கொடுத்ததில்லை.

அந்தச் சத்தத்தில் குரல் உதவாது. பெண்கள் உதடுகளை மட்டும் அசைத்துப் பேசினார்கள். மிச்சத்தைக் கைகள் சொல்லின. மணிக்கட்டைத் தட்டினால் நேரமாகிவிட்டது. கட்டைவிரல் வாய்க்குப் போனால் தேநீர். மேலுதட்டைத் தடவினால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வருகிறார். அவருக்குப் பெரிய மீசை. மண்டோர் பக்கத்தில் வந்து எதையாவது கத்தினால் உடனே தலையாட்ட வேண்டும். கேட்கவில்லை என்று நின்றால் திட்டு விழும். தலையாட்டிவிட்டு, அவர் நகர்ந்ததும் பக்கத்து மெஷினைப் பார்த்து, என்ன சொன்னார் என்று உதட்டால் கேட்டுக்கொள்வார்கள். எல்லோரும் அப்படித்தான். பக்கத்து மெஷினில் மாரியம்மா நின்றாள்.

ஆலையை மூடிய பிறகும் இந்தப் பேச்சு நிற்கவில்லை. கணவனும் அதே ஆலையில் ரப்பரை உலர்த்தும் புகைக்கூடத்தில் இருந்தவன். வீட்டில் அவன் அவளைப் பார்த்துத்தான் பேசினான். வந்தவர்கள் சொன்னதை அவளுக்குத் திருப்பிச் சொன்னான். 2019இல் இறந்துபோனான். மறு வருடம் ஊர் முழுக்க முகக்கவசம் வந்தது. 2022இல் எதிர்வீட்டுக்காரியான மாரியம்மா மகளின் பிரசவத்துக்கென்று ஜொகூருக்குப் போய் எட்டு மாதம் திரும்பவில்லை. தன் காது போய்விட்டது என்று வள்ளிநாயகிக்குத் தோன்றவே இல்லை. உலகம் வாயை மூடிக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை கிளம்ப வேண்டும். முந்தின ஞாயிறு தர்மராஜும் ஷாமினியும் சாமான் கட்ட வந்தார்கள்.

ஷாமினி ஒரு பெட்டியைக் காருக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது மாமியார் கேட்டருகே நின்றிருந்தாள். சாலைக்கு அந்தப் பக்கம் தன் கேட்டருகே மாரியம்மா. முந்தின நாள்தான் ஜொகூரிலிருந்து வந்திருந்தாள். இருவருக்கும் நடுவே சத்தமே இல்லை. உதடுகளும் கைகளும் வேகமாக ஓடிக்கொண்டிருந்தன. மாரியம்மா, காரருகே நின்ற தர்மராஜைத் தாடையால் காட்டி மேலுதட்டைத் தடவினாள். வள்ளிநாயகி கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து ஷாமினி ஒரு வருடமாகப் பார்த்ததில்லை.

பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, என்ன பேசுகிறார்கள் என்று ஷாமினி மாரியம்மாவைக் கேட்டாள். அவள் சாலையைக் கடந்து வந்தாள்.

"எல்லாந்தான் மா. நீ பெட்டியில வெச்ச சேல மூணும் நைஞ்சு போனதாம். நல்லது மேல்தட்டுல இருக்காம். பிரஷர் மாத்திரை ஃபிரிட்ஜு மேல இருக்கு, அத எடுக்கலையாம். வர்ற வியாழன் கண்ணு டாக்டர்கிட்ட தேதி, அங்க இருந்து யாரு கூட்டிட்டுப் போவாங்கன்னு கேக்குது."

ஷாமினி உள்ளே போனாள். மாத்திரைகள் ஃபிரிட்ஜின் மேல் இருந்தன. கண் மருத்துவ அட்டையில் நவம்பர் மூன்று, வியாழன் என்று போட்டிருந்தது.

வயதானவர்களிடம் வரும்போது முகக்கவசம் போடுவது ஷாமினியின் வழக்கம். மாமியாருக்கு நோய் தொற்றிவிடக் கூடாது என்று அதைக் கழற்றாமலே மூன்று வருடம் வந்துபோயிருக்கிறாள். இப்போது அதைக் கழற்றினாள். மாமியாருக்கு நேரே போய் நின்று, குரலை எடுக்காமல், இன்றைக்கு என்ன கிழமை என்று உதடுகளை மட்டும் அசைத்தாள்.

"ஞாயித்துக்கெழம. நீங்க வேற என்னைக்கி வர்றீங்க."

அடுத்து கிளினிக்கைப் பற்றிக் கேட்டாள். வழி தெரியாமல் எங்கே நின்றீர்கள். வள்ளிநாயகிக்குப் புரியவில்லை. யார் அப்படிச் சொன்னது என்று திருப்பிக் கேட்டாள். நீங்கள்தான் தலையாட்டினீர்கள் என்றாள் ஷாமினி. மாரியம்மா முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"இங்க பாரு மா. பெரிய ஆளுங்க என்ன சொன்னாலும் நாங்க தலையாட்டிருவோம். மெஷின் பழக்கம். அப்புறந்தான் என்கிட்ட கேக்கும். நாந்தான் இங்க இல்லையே."

தர்மராஜ் காரின் பின்கதவை மூடாமல் நின்றிருந்தான். எல்லாம் கேட்டது. நம்பவும் பயமாக இருந்தது. தலையாட்டியது சரி, கெட்டில் கருகியது நிஜம்தானே. அம்மாவிடம் வந்து, வாயை அகலமாகத் திறந்து, கெட்டிலை ஏன் அணைக்கவில்லை என்று கேட்டான்.

"விசில் அடிச்சாத்தானே அணைக்கிறது. நீ வாங்கிட்டு வந்தது மூணும் மட்டம். ஒண்ணும் அடிக்கல."

நான்காவது கெட்டில் பெட்டியில் கட்டாமல் இருந்தது. தர்மராஜ் அதில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தான். நால்வரும் சமையலறையில் நின்றார்கள். ஆறு நிமிடம் ஆனது. விசில் கிளம்பியது. ஏறிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஷாமினி காதைப் பொத்தினாள். வள்ளிநாயகி கெட்டிலின் மூக்கில் கிளம்பும் ஆவியைக் குனிந்து பார்த்துவிட்டு மகனைப் பார்த்தாள்.

"பாத்தியா. இதுவும் அடிக்கல."

தர்மராஜ் அடுப்பை அணைத்தான். வெளியே காரருகே போனான். பிறகு இல்லத்துக்கு போன் செய்து தேதியைத் தள்ளிவைக்கக் கேட்டான். படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும், பட்டியலில் பெயரை மட்டும் வைத்திருக்கிறோம் என்றார்கள். காதைப் பரிசோதிக்கும்வரை மாரியம்மா இரவில் வந்து படுத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

டிசம்பரில் காதைப் பரிசோதித்தவள் நஸீமா. லிங்கியில் சாப்பாட்டுக்கடை நடத்தும் குடும்பத்துப் பெண். கண்ணாடிக் கூண்டுக்குள் வள்ளிநாயகியை உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள். தலையாட்டக் கூடாது என்பதை ஒரு தாளில் எழுதியும் காட்டினாள். வெளியே காத்திருந்த தர்மராஜ், கூண்டுக்குள் அம்மா பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதையே பார்த்தான். கீச்சென்ற சத்தங்கள் எதுவும் அவளிடம் வந்து சேரவில்லை. விசில் வந்து சேரவில்லை. போன் மணி வரவில்லை. பேச்சில் பாதி வரவில்லை.

மறதி என்பது இதனால்தானா என்று தர்மராஜ் கேட்டான். முழுக்க அப்படிச் சொல்ல முடியாது என்றாள் நஸீமா. காதில் வைக்கும் கருவி மறதிக்கு மருந்து இல்லை. சிலருக்கு நிறைய மாற்றம் தெரியும், சிலருக்குத் தெரியாது.

"மூளை நாள் பூரா சத்தத்தத் தேடிக்கிட்டே இருக்கு அண்ணே. தேடியே களைச்சிப் போவுது. அப்புறம் ஞாபகம் வெச்சிக்க அதுக்கு எங்க தெம்பு? பேச ஆள் இல்லாம உக்காந்திருந்தா அதுவும் சேந்து மங்கும்."

இரண்டு காதுகளுக்கும் கருவி வந்தது. முதல் வாரம் வள்ளிநாயகிக்குப் பிடிக்கவில்லை. குழாய்த் தண்ணீர் ஆலையை ஞாபகப்படுத்தியது. பிளாஸ்டிக் பை எரிச்சலூட்டியது. தான் மெல்லும் சத்தம் அருவருப்பாக இருந்தது. கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டாள். நஸீமா போனில் ஷாமினியைத் திட்டினாள். முதலில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு, கடைசியில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை போட்டிருக்க வேண்டும் என்று கணக்குச் சொன்னாள்.

அதற்குக் காவல் மாரியம்மா. தினமும் நாலு மணிக்கு வந்து உட்கார்ந்து செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உரக்கப் படிப்பாள். உதடு தெரியாது. வள்ளிநாயகி திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் மாதம் பத்தில் மூன்று தேறியது. தாளை இறக்கு என்று சண்டை போட்டாள். மாரியம்மா இறக்கவில்லை.

"மீசைக்காரன்கிட்ட முப்பது வருசம் ஏமாத்துனது போதும் லா. என்கிட்ட நடக்காது."

மார்ச்சில் பத்தில் எட்டு வந்தது. வள்ளிநாயகி கோயிலுக்குப் போனாள். மேளம் தொடங்கியதும் கருவியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். போன் எடுத்தாள். மகனிடம் பத்து நிமிடம் பேசினாள். ஏன் ஒரு வாரமாகக் கூப்பிடவில்லை என்று கேட்டாள். தர்மராஜுக்கு அந்தக் கேள்வியில் கோபம் வரவில்லை.

ஆஸ்பத்திரித் தேதி ஜூன் மாதம். அதே முப்பது கேள்விகள். இந்த முறை டாக்டர் கேட்டதில் ஒன்று விளங்காதபோது, திரும்பச் சொல்லுங்கள் என்றாள். இருபத்தைந்து வந்தது. ஐந்து சொற்களில் இரண்டு திரும்ப வரவில்லை. தேதி தப்பியது. கன சதுரத்தை வரையவும் முடியவில்லை. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு அது பெரிய விஷயமில்லை என்று டாக்டர் சொன்னார். கொஞ்சம் மறதி இருக்கிறது, வருடம் ஒருமுறை பார்ப்போம் என்றார். கருவியைப் போட்டிருக்கட்டும், தினமும் யாரோடாவது பேசட்டும், தானாக அணையும் அடுப்பு ஒன்று வாங்குங்கள் என்றார். தனியாக இருக்கலாமா என்று தர்மராஜ் இரண்டு முறை கேட்டான். இருக்கலாம் என்று இரண்டு முறையும் சொன்னார்.

கார் நிறுத்துமிடத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு தர்மராஜ் இல்லத்துக்கு போன் செய்தான். ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். அவன் நோய், புள்ளி, கருவி என்று எங்கிருந்தோ தொடங்கப் பார்த்தான்.

"அம்மா வரலையாம்" என்றான்.

பின் இருக்கையில் வள்ளிநாயகி முன்னால் சாய்ந்தாள்.

"பட்டியல்ல இருந்து என் பேர எடுத்துறச் சொல்லு. பின்னால யாரோ காத்துக்கிட்டு இருப்பாங்க."