சங்கிலி ஜெபத்தில் என் அரைமணி நேரம்

கொரோனா இரண்டாம் முறை டெல்லியைப் பிடித்த அந்தச் சித்திரை வெயிலில், துவாரகாவுக்குப் பின்னால் ஒரு மொட்டைமாடி அறையில் நான் தனியாக இருந்தேன். என் மனைவி கிட்வாய் நகரில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். ஊரடங்கு வந்ததும், வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டோம் என்று அந்த வீட்டார் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் திருநெல்வேலிப் பக்கம் என் தங்கை வீட்டில் இருந்து படித்தார்கள். நான் சமையல் வேலை பார்த்த ஆபீஸ் கேன்டீன் மூடிக் கிடந்தது.

காய்ச்சல் வந்ததை நான் யாருக்கும் சொல்லவில்லை. மனைவிக்குச் சொன்னால் அந்த வெயிலில் நடந்தாவது வந்துவிடுவாள். வீட்டுக்காரர் தெரிந்துகொண்டால் அறையைக் காலி செய்யச் சொல்வாரோ என்று பயம். அவர் படிக்கட்டில் நின்று, “பையா, சப் டீக்?” என்று இந்தியில் நலம் கேட்டபோது கதவைத் திறக்காமலே, “டீக் ஹை”, நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன். இருமல் வந்தால் தலையணையில் வாயைப் புதைத்து இருமினேன்.

எல்லாவற்றையும்விடத் தூங்கத்தான் பயமாக இருந்தது. கண்ணை மூடினால் மூச்சு நின்றுவிடும், நாற்றம் வந்த பிறகுதான் நான் போனது ஊருக்குத் தெரியும் என்று தோன்றும். பக்கத்துத் தெருவில் ஒருவர் அப்படிக் கிடந்ததாகப் பேசிக்கொண்டார்கள். அதனால் படுக்காமல் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருப்பேன். கீழே மெயின் ரோட்டில் ஆம்புலன்ஸ் போகும். அந்தச் சத்தம் தேய்ந்து முடிவதற்குள் அடுத்தது வரும்.

எங்கள் தமிழ்ச் சபையில் அப்போது சங்கிலி ஜெபம் வைத்திருந்தார்கள். ஆலயம் பூட்டியிருந்ததால் அவரவர் வீட்டிலேயே ஆளுக்கு அரைமணி நேரம் ஜெபிக்க வேண்டும். நேரம் முடிந்ததும் அடுத்தவருக்குப் போன் செய்து, “உங்க முறை” என்று ஒப்படைக்க வேண்டும். நடுவில் ஒரு நிமிடம்கூட ஜெபம் நிற்கக்கூடாது என்பது ஏற்பாடு. மதியத்தில் ஒரு அரைமணி நேரத்துக்கு என் பெயரைக் கொடுத்தவள் என் மனைவிதான்.

“எனக்கு நாலு வார்த்தை கோர்வையா வராதுட்டி” என்று போனில் சொன்னேன்.

“ஆண்டவர் உங்களுக்குப் பரீட்சையா வைக்காரு? சும்மா உக்காந்திருங்க, போதும்” என்றாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆலயத்தில் கடைசி பெஞ்சுதான் என் இடம். “யாராவது ஒருவர் ஜெபிக்கலாம்” என்று போதகர் சொன்னால், அவர் கண்ணில் படாமலிருக்கப் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை நுழைத்துக்கொள்வேன். ஆமென் மட்டும் எல்லாரோடும் சேர்ந்து நன்றாகச் சொல்வேன்.

காய்ச்சல் கூடியிருந்த ஒரு மதியம், எனக்கு முந்தின முறைக்காரரான, துவாரகாவிலேயே ஒரு அடுக்குமாடி சொசைட்டியில் இருக்கும் சபை அக்கா, தன் நேரம் முடிந்து போனில், “தம்பி, உங்க முறை” என்றார். முழங்கால் போட்டேன். “ஆண்டவரே” என்றேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

பிறகு நினைவு வந்தபோது என் கன்னம் தரையில் ஒட்டியிருந்தது. போன் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அடுத்த முறைக்காரரான அண்ணாச்சி. சர்க்கார் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர், லக்ஷ்மிபாய் நகரில் மகனோடு இருந்தார்.

“என்னடே, ஆண்டவர் உன்னை விடவே மாட்டேன்னுட்டாரா? எனக்குப் பின்னால உள்ளவன் முறையே வந்தாச்சு. சங்கிலி உங்கிட்ட அந்து கிடக்கு.”

“மன்னிச்சிருங்க அண்ணாச்சி, கண்ணசந்துட்டேன்.”

“ஆண்டவர் முழிச்சிருந்து ஜெபிங்கன்னு சொல்லியும் சீஷர்மாரே தோட்டத்துல தூங்கினவங்கதான். நீ அவங்கள விடப் பெரிய ஆளா?” என்று சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. “ஏன் இப்படி மூச்சு வாங்குது?”

டீக் ஹை என்று அவரிடமும் சொல்லியிருக்கலாம். ஆனால் ஜெபத்துக்கென்று முழங்கால் போட்ட இடத்திலேயே கிடந்தேன். அங்கே கிடந்துகொண்டு பொய் சொல்ல வாய் வரவில்லை.

“காய்ச்சல் அண்ணாச்சி. நாலஞ்சு நாளாச்சு. யாருக்கும் சொல்லல.”

“உன் பொண்டாட்டிக்கு?”

“சொல்லல.”

“மடப்பயலே. கதவு திறந்திருக்கா?”

“தாழ் போட்டிருக்கேன்.”

“அதுக்குள்ள செத்துக் கிடக்கவா? போயி திற. ஜல்தி. போனை வைக்காத.”

சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் தாழை எடுத்தேன். திரும்பி வந்து சாய்ந்ததும், “ஸ்பீக்கர்ல போட்டு மடியில வச்சுக்கோ. உன் அரைமணி நேரத்தையும் நானே பாத்துக்கிடுதேன்” என்றார்.

அண்ணாச்சி ஜெபித்தால் வீட்டில் சோறு ஆறிவிடும் என்று சபைப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவ்வளவு அடுக்கிக்கொண்டே போவார். அன்று ஒன்றையும் அடுக்கவில்லை. “ஆண்டவரே, இந்தப் பய தனியா கிடக்கான். நீர் அவன் பக்கத்துல உக்காரும்” என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் அந்த அக்காவின் கணவர் ரசம்சோறும் மாத்திரையும், விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் மெஷினும் கொண்டுவந்து வாசலில் வைத்தார். படிக்கட்டிலேயே நின்று, எப்படி மாட்டுவது என்று சொல்லிக்கொடுத்தார். எண் தொண்ணூறுக்குக் கீழே போனால் எந்த நேரமானாலும் கூப்பிடச் சொன்னார். வீட்டுக்காரர் விஷயம் தெரிந்து தன் கிரில் கதவைச் சத்தமாகச் சாத்தினார். காலி செய்யச் சொல்லவில்லை.

மனைவிக்கு அண்ணாச்சியே சொல்லிவிட்டார். “நான் என்ன செத்தா போனேன், எங்கிட்ட மறைப்பீயளோ?” என்று திட்டி அழுதாள். வரவேண்டாம், எனக்கு வந்தது உனக்கும் வந்துவிடும் என்று கெஞ்சித்தான் அவளை நிறுத்தினேன்.

மறுநாள் மெஷினில் எண் ஏறவில்லை, கொஞ்சம் இறங்கியிருந்தது; ஆனாலும் தொண்ணூறுக்கு மேல்தான் நின்றது. மதியம் அக்கா கூப்பிட்டு, “முடியலன்னா விட்டுருங்க தம்பி, நானே சேத்துப் பாத்துக்கிறேன்” என்றார். இல்லை அக்கா, நான் இருக்கிறேன் என்றேன். முழங்கால் போட முடியவில்லை. சுவரில் சாய்ந்தபடியே, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் எப்படிப் பேசுவேனோ அப்படிப் பேசினேன்.

“ஆண்டவரே, கஞ்சி குடிச்சேன். பாதி வாந்தியாப் போச்சு. எனக்குச் சாகப் பயமா இருக்கு. தனியாச் சாகத்தான் ரொம்பப் பயமா இருக்கு. வேற ஒண்ணும் கேக்கத் தெரியல. இங்கயே இரும்.”

நான் வாய்விட்டுச் செய்த முதல் ஜெபம் அதுதான். அரைமணி நேரமும் அதையேதான் சொன்னேன். பிறகு அண்ணாச்சியிடம் ஒப்படைத்தேன்.

ஆலயம் திறந்த பிறகு, ஆண்டவர் எனக்குச் செய்ததை எல்லார் முன்னும் சாட்சியாகச் சொல்லக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. தரிசனம் கண்டேன், குரல் கேட்டேன் என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. என் சபையிலேயே என்னைவிட நன்றாக ஜெபித்த சிலர் அந்த வெயிலில் போய்விட்டார்கள். நான் ஏன் இருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான். அன்று மதியம் அண்ணாச்சியிடம் ஒப்படைத்த பிறகும் காய்ச்சலும் இருமலும் அப்படியே இருந்தன, ரோட்டில் ஆம்புலன்ஸ் போய்க்கொண்டுதான் இருந்தது. நான் முதுகைச் சுவரிலிருந்து எடுத்துப் பாயில் நீட்டிப் படுத்தேன். கண்ணை மூடினேன். ஜன்னலில் வெயில் இறங்கும்வரை தூங்கினேன்.