நங்கூரம், ரோஜா, வால் பிளந்த குருவி

வாங்கிய பொருளைத் திருப்பித் தரவும் முடியாது, மாற்றித் தரவும் முடியாது என்கிற ஒரே கடை பச்சை குத்துகிற கடைதான். தையல்கடை, முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறவர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் பாதியாவது புரியும். முடி வளர்ந்துவிடும், துணியைப் பிரித்துத் தைத்துவிடலாம். நான் எங்கே போவது?

ஜார்ஜ் டவுனில் ஒரு மாடியில் நானும் ஆ செங் என்கிற சீன நண்பரும் சேர்ந்து கடை நடத்துகிறோம். நான் போடுவது பழைய பாணி மட்டும். அந்தக் காலத்துக் கப்பற்காரர்கள் கையில் இருக்குமே, அந்தப் படங்கள். தடித்த கறுப்புக் கோடு, உள்ளே சிவப்பு, பச்சை, மஞ்சள், அவ்வளவுதான். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் இது இன்ன படம் என்று தெரியும். அந்த வெள்ளை மனசுக்காகவே எனக்கு இந்தப் பாணி பிடிக்கும்.

கடல் கண்டவர்

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரம் ஓட்டுகிற ஒரு தம்பி வந்தார். முழங்கைக்குக் கீழே பெரிய நங்கூரம் வேண்டும் என்றார். நங்கூரம் என்றால் எனக்குத் தனி மரியாதை. கோடு இழுத்துக்கொண்டே, "எந்தக் கப்பல்ல இருந்தீங்க தம்பி?" என்று கேட்டேன். அவர் சங்கடமாகச் சிரித்தார்.

"கப்பலா? ஃபெரி ஏறினாலே எனக்கு வாந்தி வரும் அக்கா. நங்கூரம் போட்டுட்டா எங்கேயும் போக வேணாம் லா."

பனித்துளி இல்லாத ரோஜா

பேங்க்கில் வேலை பார்க்கிற ஒரு பெண் கைப்பேசியில் ரோஜாப் படம் கொண்டுவந்தாள். இதழில் பனித்துளி, துளிக்குள் வெளிச்சம். "தங்கச்சி, இருபது வருஷம் கழிச்சு இந்தப் பனித்துளி தேமல் மாதிரி ஆயிடும்" என்றேன். என்னுடைய ரோஜாவைக் காட்டினேன். ஐந்தாறு இதழ், ஓரத்தில் இரண்டு இலை, தடித்த கோடு. உடம்பு பெருத்தாலும் இளைத்தாலும் ரோஜா ரோஜாவாகவே இருக்கும். அரை மனதாகத்தான் கையை நீட்டினாள்.

ஒரு மாதம் கழித்து அவளைப் பாசார் சந்தையில் பார்த்தேன். சட்டைக் கையை மடித்துவிட்டுத்தான் நடந்துகொண்டிருந்தாள். வீட்டில் என்ன சொன்னார்கள் என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"கையில எதுக்குடி முட்டைக்கோஸ் வரைஞ்சிருக்கேன்னு அம்மா கேட்டாங்க அக்கா. ஆனா அழகான முட்டைக்கோஸாம்."

ஒரு புள்ளி

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போயிருந்த நேரத்தில், தாசேக் கெலுகோரிலிருந்து லாரி ஓட்டுநர் ஜெகன் வந்திருக்கிறார். முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, சிவப்பு இதயம், அதன் குறுக்கே ஒரு நாடா, நாடாவில் 'அம்மா'. நான் முதல் நாளே தாளில் எழுதி வைத்திருந்தேன். ஆ செங்குக்குத் தமிழ் தெரியாது. எழுத்தை அப்படியே பார்த்துப் போட்டவர், 'ம்' மேல் இருந்த புள்ளியைப் பேனா மை தெறித்தது என்று நினைத்து விட்டுவிட்டார். முதுகில் இருப்பது ஜெகனுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் மத்தியானம் ஜெகன் தலையைக் குனிந்துகொண்டு படியேறி வந்தார். பின்னாலேயே குடையோடு அவருடைய அம்மா. தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளை உடம்பைக் கெடுத்துவிட்டாய் என்று திட்டப்போகிறார் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் ஜெகனை நாற்காலியில் உட்கார வைத்து, சட்டையைத் தூக்கி, குடை நுனியால் இடத்தைக் காட்டினார்.

"பச்சை குத்தினதைக்கூட மன்னிச்சிட்டேன். புள்ளி வைக்காததை மன்னிக்க மாட்டேன். வை!"

இரண்டாவது குருவி

கப்பற்காரர்கள் நீண்ட பயணம் போய்த் திரும்பினால் வால் பிளந்த குருவி ஒன்றைக் குத்திக்கொள்வார்கள். எவ்வளவு தூரம் போனாலும் கரைக்குத் திரும்புகிற பறவை என்று கணக்கு. சரக்குக் கப்பலில் எஞ்சின் வேலை பார்க்கிற முருகேசன் முதல் பயணம் முடிந்ததும் இடது மார்பில் ஒன்று போட்டுக்கொண்டார். வலது பக்கத்துக்கு இன்னொன்றை வரைந்து வைக்கச் சொல்லிவிட்டு இரண்டாவது பயணம் போனார். அந்த முறை கப்பல் சொன்ன நாளில் வரவில்லை. போனும் இல்லை. கம்பெனியில் கேட்டால், வந்துகொண்டிருக்கிறது என்று ஒரே பதில்.

நான்காம் நாள் சாயங்காலம் அவர் மனைவி சாந்தி வேலை முடிந்து நேராக என் கடைக்கு வந்தாள். "அந்தக் குருவிய என் கையில போட்டுருங்க அக்கா" என்று மணிக்கட்டை நீட்டினாள். போட்டுவிட்டால் அவர் வரமாட்டார் என்று நானே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் என்று பயமாக இருந்தது. "அது அவருக்கு வரைஞ்சது சாந்தி. வந்து போட்டுக்குவாரு" என்று படத்தைச் சுவரில் ஒட்டினேன். அதன்பிறகு தினமும் வந்தாள். மைலோ கலந்து கொடுப்பேன். குடிக்காமல் குருவியையே பார்த்துக்கொண்டிருப்பாள். தன் மேசை விசிறியை யாருக்கும் தராத ஆ செங், அதை அவள் பக்கம் திருப்பி வைத்தார். எனக்குச் சொல்லத் தோன்றிய ஆறுதல் எதுவும் எனக்கே நம்பிக்கையாக இல்லை.

பன்னிரண்டாம் நாள் படியில் இரண்டு பேர் ஏறுகிற சத்தம் கேட்டது. எஞ்சின் பழுதாகி, சிக்னல் இல்லாத கடலில் கப்பல் நின்றுவிட்டதாம். முருகேசன் கறுத்து, மெலிந்து, அசட்டுச் சிரிப்போடு நின்றார். படத்தைச் சுவரிலிருந்து எடுத்து வேலையை ஆரம்பித்தேன். "மெதுவா லா அக்கா" என்று முருகேசன் முனகினார். அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்த சாந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பதினோரு நாள் என்னை அழ வச்சாரு. நல்லா அழுத்திக் குத்துங்க அக்கா!"

தோலில் படம் போடுவது ஒரு மணி நேர வேலை; அந்தத் தோலுக்குச் சொந்தக்காரர், அவரைப் பெற்றவர், அவரைக் கட்டிக்கொண்டவர் எல்லாரையும் சமாளிப்பதைத்தான் நான் தொழில் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.