ஆமிராவின் முகம்

ஸாலிஹாவின் முதல் பிள்ளையை ஊரில் பத்துப் பேராவது பார்த்திருக்கிறார்கள். பெற்றவள் மட்டும் பார்க்கவில்லை.

தூத்துக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் அவசரமாக மயக்கம் கொடுத்து, வயிற்றைக் கீறி எடுத்தார்கள். பெண் பிள்ளை. ஒரு தடவை அழுததாம், பிறகு மூச்சு நின்றுவிட்டதாம். மையித்தைக் காக்க வைக்கக் கூடாது என்று காயல்பட்டினத்து வீட்டில் அவசரப்பட்டார்கள். உம்மா ஜமீலா குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, ஆமிரா என்று பெயரும் வைத்து அனுப்பிவிட்டாள். முகத்தைப் பார்த்தால் மகளால் மறக்க முடியாது என்று நினைத்தாள். பாசத்தில் செய்த மடத்தனத்துக்கு யாரைக் கோபித்துக்கொள்வது? ஸாலிஹாவுக்கு மயக்கம் முழுசாகத் தெளிந்தபோது மண் போட்டு முடித்திருந்தார்கள்.

பார்க்காத முகம்தான் அவளை விடவே இல்லை. மத்தியானம் கரண்ட் போய் ஃபேன் நின்றால் அடுத்த அறையில் பிள்ளை அழும். ஓடிப்போய்ப் பார்த்தால் சுருட்டி வைத்த பாய்தான் இருக்கும். தெருவில் எந்தப் பிள்ளையைக் கண்டாலும் இதுதானோ அந்த மூக்கு, இதுதானோ அந்த நெற்றி என்று உற்றுப் பார்ப்பாள். பிள்ளைக்காரிகள் கண்ணூறுக்குப் பயந்து துப்பட்டியால் மூடிக்கொண்டு நகர்ந்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? "ஸாலிஹாவுக்குப் புத்தி பேதலிச்சிட்டு" என்றார்கள். சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கும் கணவன் ஹாரிஸ், "எல்லாம் சரியாயிரும்" என்று போனில் சொல்வான். அங்கே இருந்துகொண்டு சொல்வதற்கு என்ன!

"அவ எப்படி இருந்தா உம்மா?" என்று கேட்டால் போதும், ஜமீலா எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள்.

ஹாரிஸ் லீவில் வந்துபோன பிறகு மறுபடியும் உண்டானாள். இந்தத் தடவையும் ஆபரேஷன்தான் என்று சொல்லிவிட்டார்கள். வேறொரு ஆஸ்பத்திரியில், டாக்டர் கிருபையின் கையைப் பிடித்துக்கொண்டாள் ஸாலிஹா.

"மயக்கம் குடுத்துராதிய டாக்டர். உசுரோட இருந்தாலும் சரி, இல்லன்னாலும் சரி, நான் பாக்கணும்."

கிருபை கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழதான் மரத்துப்போக வைப்பேன். நீ முழிச்சுக்கிட்டுதான் இருப்ப. பிள்ள வரும்போது நடுவுல கட்டுன துணிய இறக்கிருதேன். நல்லா அழுதுச்சுன்னா தொடச்சு ஒன் நெஞ்சுமேலயே போட்டுருவேன். மூச்சுக்குச் செரமப்பட்டா பக்கத்து மேசைக்குப் போவும், அதுவும் ஒன் கண்ணு முன்னாலதான். தலைமாட்டுல ஒருத்தர் துணைக்கு நிக்கலாம்."

"உம்மா நிக்கட்டும்."

ஜமீலா மாட்டேன் என்றுதான் சொன்னாள். ஆனாலும் அன்றைக்குப் பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவள் வாய் துஆவை முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஸாலிஹாவுக்கு வலி இல்லை. வயிற்றுக்குள் யாரோ துழாவுவது மட்டும் தெரிந்தது. திடீரென்று பிள்ளை அழுதது. அந்த அடுத்த அறை அழுகை இங்கேயும் வந்துவிட்டது என்றே நினைத்தாள்.

"இங்கன பாரு" என்றாள் கிருபை.

துணி இறங்கியது. சற்று நேரத்தில் ஒரு பெண் பிள்ளை சூடாக, கனமாக நெஞ்சின் மேல் வந்து கிடந்தது. அழுகையை நிறுத்தி ஒற்றைக் கண்ணைத் திறந்தது. ஸாலிஹா நெற்றி, மூக்கு, உதடு என்று விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஆமிரா! வந்துட்டியா?"

ஜமீலாவின் முணுமுணுப்பு நின்றது.

"இல்லளா, இது அவ இல்ல" என்றாள். "இவ ஹாரிஸ் மொகத்தக் கொண்டு வந்திருக்கா. அவ ஒன்னய உரிச்சு வச்சிருந்தா. அகல நெத்தி, சின்ன வாய். தலை நெறைய முடி. தூங்குத மாதிரிதான்ளா இருந்தா. ஒனக்கும் சேத்து நான் முத்தம் குடுத்துதான் அனுப்புனேன்."

ஸாலிஹா இவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவளுக்காக அழுதாள்.