அக்கா தொடையில விழுந்த குழி

எங்க லயத்துல வரிசையா ஒத்த அறை வீடுங்க, காம்பரான்னு சொல்லுவோம். ஒரு காம்பராவுக்கு ஒரு கண்ணாடிதான். உள்ளங்கை அகலம். அடுப்புக்கு எதுத்த சுவத்துல ஆணி அடிச்சு மாட்டியிருக்கும். பொட்டு வைக்கலாம், பல்லப் பாக்கலாம். மொகம் முழுசாத் தெரியணும்னாலே பின்னால போகணும், பின்னால போனா அடுப்புல முட்டும். இதுல தன் தொடையோட பின்பக்கத்த எவ பாத்தா? தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு சும்மாவா சொன்னாங்க. எங்கக்காவும் பாத்ததில்ல. அடுத்தவங்க சொன்னதத்தான் நம்புனா, அதுலதான் அவ வாழ்க்கை போச்சு.

வட்டகொடை ஸ்டேஷன்ல எறங்கி மூணு கட்டை, அதான் மூணு மைலு, ஏறுனா எங்க தேயிலைத் தோட்டம். பங்களாவுல வெள்ளைக்காரத் தொர இருந்த காலம். அப்பா தேயிலைச் செடிய மட்டமா வெட்டிவிடுற கவ்வாத்து வேலை பாப்பாரு. அம்மாவும் அக்காவும் நானும் கொழுந்து கிள்ள மலைக்குப் போவோம். அக்காவுக்கு இருபது, எனக்குப் பதினாறு. அக்கா நல்ல வாளிப்பா இருப்பா. கூடையத் தூக்கித் தலையில மாட்டுனா மலையே அவளுதுதான். நான் ஈர்க்குச்சி. காத்தடிச்சா ஓடைக்குள்ள கெடப்பேன்னு எல்லாரும் கேலி பண்ணுவாங்க.

அப்பாவோட மூத்த அக்கா நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்துல வாக்கப்பட்டவ. எங்க அத்தை. அவ மகன் அங்க தேயிலை அரைக்கிற ஸ்டோர்ல வேலை பாத்தாரு. மொறப்படி எங்கக்காவுக்குத்தான் அவருன்னு சின்ன வயசுலயே பேசி வச்சது. பேச்சு மட்டுமில்ல, அக்காவுக்கு அவரு மேல உசுரு. ஒரு வருஷம் தேர்த் திருவிழாவுக்கு வந்தவரு ரெண்டு டசன் கண்ணாடி வளையலு வாங்கிக் குடுத்துட்டுப் போனாரு. மலைக்குப் போட்டுட்டுப் போனா ஒடஞ்சிரும்னு அவ அத ஒரு தகர டப்பாவுல துணி சுத்தி வச்சிருந்தா. ஞாயித்துக்கெழம மட்டும் எடுத்துப் போட்டுப் பாத்துட்டுத் திருப்பி வச்சிருவா. "ஏன்டி, ஒடயுறதுக்குள்ள போட்டுக்கிட்டா என்ன?"ன்னு நான் கேட்டா, "கல்யாணத்தன்னைக்குப் போட்டுக்கிறேன், நீ ஒஞ்சோலியப் பாரு"ன்னு மொறைப்பா.

அந்த வருஷம் ஆவணியில பரிசம் பேச அத்தை வந்தா. வந்த மறுநாளு வேலை முடிஞ்சு நாங்க பீலிக்குக் குளிக்கப் போனோம். பீலின்னா மலையில ஊறி வர்ற தண்ணியத் தகரத்துல திருப்பிவிட்ட எடம். பொம்பளைங்க பாவாடைய மாருக்கு மேல ஏத்திக் கட்டிக்கிட்டு வரிசையா நின்னு குளிப்போம். அத்தையும் கூட வந்தா. அக்கா குனிஞ்சு துணிக்குச் சவுக்காரம் போட்டுக்கிட்டிருந்தா. ஈரப் பாவாடை தொடையோட ஒட்டியிருந்துச்சு. முழங்காலுக்கு மேல, பின்பக்கம், தோலு மேடும் பள்ளமுமா சின்னச் சின்னக் குழி விழுந்து கெடந்துச்சு. ரொம்ப நாளா இருக்கறதுதான். நான் பாத்திருக்கேன், ஒண்ணும் நெனச்சதில்ல.

அத்தை பாத்தா. பாத்துக்கிட்டே நின்னா. அப்புறம் என்னைய ஓரமாக் கூப்புட்டு, "ஒங்கக்காளுக்கு இது எத்தன நாளாடி?"ன்னு கேட்டா.

பெரிய மனுசி என்கிட்ட ரகசியமாக் கேக்குறாளேன்னு எனக்கு ஒரு பெருமை. பாழாப்போன வாயி, சும்மா இருந்துச்சா? "ரெண்டு வருஷமா இருக்கு அத்தை. கூடிக்கிட்டே வருது"ன்னேன்.

கூடிக்கிட்டே வருதாம்! நான் என்ன அளந்தா பாத்தேன்? வயசுப் பொண்ணு ஒடம்பு வளந்துச்சு, அதோட சேந்து அதுவும் தெரிஞ்சுச்சு, அவ்வளவுதான். ஆனா 'கூடிக்கிட்டே வருது'ன்னு சொன்ன ஒடனே அது நோயாயிருச்சு. நெல்லக் கொட்டுனா அள்ளிரலாம், சொல்லக் கொட்டுனா அள்ள முடியுமா?

வீட்டுக்கு வந்து அத்தை தேத்தண்ணியக் கூடத் தொடல. "தம்பி, நான் ஒளிவு மறைவில்லாமச் சொல்றேன். கடலுக்கு அந்தப் பக்கம், அக்கரையில, நம்ம சனத்துலயே பாத்திருக்கேன். யானைக்காலு இப்புடித்தான் தொடங்கும். நாளைக்கு எம்மகன் தலையில அதக் கட்டிட்டு நான் எப்புடிக் கண்ண மூடுவேன்?"ன்னா. அப்பாவுக்கு அவரு அக்கா பேச்சுதான் வேதம். அம்மாதான் கையெடுத்துக் கும்புட்டா. "தை வரைக்கும் பாக்குறேன், அதுக்குள்ள கொணமாயிருச்சுன்னா வச்சுக்குவோம்"னு சொல்லிட்டு அத்தை ரயிலேறிட்டா.

அக்கா அன்னைக்குச் சோறு திங்கல. கையகலக் கண்ணாடிய ஆணியில இருந்து கழட்டிட்டுப் போயி, கதவச் சாத்திக்கிட்டு, திரும்பித் திரும்பிப் பாத்திருக்கா. எனக்குச் சந்துல தெரிஞ்சுச்சு. கழுத்து வலிக்க வலிக்கப் பாத்தா.

அஞ்சு மாசம். அந்த அஞ்சு மாசத்துல எங்கக்கா அந்தத் தொடைய என்ன பாடு படுத்துனா தெரியுமா! காலையில பனித்தண்ணி சொட்டுற செடிக்குள்ள, இடுப்புல படங்குச் சாக்க இறுக்கிக் கட்டிக்கிட்டு நிக்கிறோம்ல, அந்த ஈரந்தான் உள்ள எறங்கி நீரு கோத்துக்கிச்சுன்னு அம்மா முடிவு கட்டிட்டா. நீர வாங்கணும்னு உப்பு வறுத்து ஒத்தடம். சுக்கு அரைச்சுப் பத்து. பழைய சேலையக் கிழிச்சு, படுக்கப் போகும்போது தொடையச் சுத்தி இறுக்கிக் கட்டு. காலையில அவுத்தா செவசெவன்னு தடம் பதிஞ்சிருக்கும், குழி குழியாவே இருக்கும். தேங்காப் பொச்சு நார வச்சு நான்தான் தேச்சுவிடுவேன். தோலு கன்னிப்போயி தண்ணி பட்டாலே எரியும். "இன்னும் அழுத்தித் தேயிடி"ன்னு பல்லக் கடிச்சுக்கிட்டுச் சொல்லுவா. நானும் தேச்சேன். எங்கையாலதான் தேச்சேன்.

பக்கத்துக் காம்பராக் கெழவி வந்து, அது நீரில்ல, கெட்ட ரத்தம்னு ஒரு போடு போட்டா. ஊரு வாய மூட ஒல மூடி ஏது? மறுநாள்ல இருந்து அக்கா காலுக்குச் சவுக்காரம் தடவுறத நிறுத்திட்டா. மழை நாள்ல அட்டை ஏறாம இருக்க நாங்க எல்லாரும் காலுல சவுக்காரமும் உப்பும் தடவிக்கிட்டுத்தான் மலைக்குப் போவோம். அவ வெறுங்காலோட போயி, ஓடையோரத்துல அட்டை மொய்க்கிற செடி நெரையாப் பாத்துக் கேட்டு வாங்குவா. கங்காணிக்குச் சந்தோசம், ஒருத்தரும் நிக்காத நெரையில நிக்கிறாளேன்னு. பாவாடைக்குள்ள அட்டை ஏறும். நாங்கன்னா ஒண்ணு ஏறுனாலே கத்திக் குதிப்போம். அவ கொழுந்து கிள்ளுற கை நிக்காம நிப்பா. அது வயிறு நெறைஞ்சு தானா விழுற வரைக்கும் விட்டுருவா. "குடிக்கட்டும்டி, எல்லாத்தையும் குடிக்கட்டும்"பா. சாயங்காலம் பாவாடையில ரத்தம் காஞ்சு கெடக்கும்.

சோத்தையும் கொறச்சுக்கிட்டா. ஒரு ரொட்டிய ரெண்டாப் பிச்சு, பாதிய எனக்குத் தள்ளிருவா. நான் திம்பேன். வெக்கங்கெட்டவ, திம்பேன்.

தையில அத்தை வந்தா. திரும்பவும் பீலி. இந்தத் தடவை குளிக்கவெல்லாம் இல்ல, பாக்கத்தான். எங்கம்மா சேலைய மறைப்பாப் புடிச்சுக்கிட்டு நின்னா. அக்கா திரும்பி நின்னு, அவளே பாவாடையத் தூக்கிக் காட்டுனா. அடியாத்தி! ஒடம்பு வத்திப் போச்சு, கன்னம் ஒட்டிப் போச்சு, தோலு தளந்து அந்தக் குழியெல்லாம் முன்னவிட நல்லாத் தெரிஞ்சுச்சு. அதுக்கு மேல அட்டை கடிச்ச தழும்பு, கறுப்புக் கறுப்பா. அத்தை திரும்பி என் காலப் பாத்தா.

வீட்டுல வச்சுக் கேட்டா. "தம்பி, ஒறவு விட்டுப் போகக் கூடாது. சின்னவளக் குடு."

"மூத்தவ இருக்க எப்புடிக்கா?"ன்னு அப்பா கேட்ட ஒரே கேள்வி அதுதான். யாரும் பதில் சொல்றதுக்குள்ள அக்கா அடுப்படியில இருந்து, "குடுங்கப்பா"ன்னா. "வெளியில போற மாப்புள நமக்குள்ளயே இருக்கட்டும்." தேத்தண்ணி எல்லாருக்கும் ஊத்திக் குடுத்தா. 

நான் மாட்டேன்னு சொல்லியிருக்கணும். அத்தைகிட்ட அன்னைக்கு நான் சொன்னது பொய்யின்னாவது சொல்லியிருக்கணும். எதுவும் சொல்லல. பயம். அதோட, சொன்னா சாமி கூட மன்னிக்காது, உள்ளுக்குள்ள ஒரு மூலையில எனக்கும் அவரப் புடிச்சிருந்துச்சு.

கல்யாணத்தன்னைக்கு அக்கா தகர டப்பாவத் தொறந்து, அந்த வளையல எல்லாம் என் கையில போட்டுவிட்டா. எனக்குக் கை சின்னது, தொளதொளன்னு கெடந்துச்சு. அவரு பாத்தாரு. தான் வாங்குனதுன்னு தெரிஞ்சிருக்கும். தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. நல்ல மனுசன்தான், என்னைய ஒரு நாளும் அடிச்சதில்ல. ஆனா ஆத்தாவ எதுத்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனுசன்.

அக்காவுக்கு வேற எடம் பாத்தாங்க. யானைக்காலுன்ற பேச்சு அவளுக்கு முன்னால அந்தந்தத் தோட்டத்துக்குப் போயிச் சேந்துரும். கொஞ்ச நாள்ல அவளே போதும்னுட்டா. அதுக்கப்புறம் அவ பீலிப் பக்கம் கூட்டத்தோட போனதே இல்ல.

எனக்கு ரெண்டாவது புள்ள பொறந்தப்ப தோட்டத்து மருத்துவிச்சி அம்மா வந்து கால அமுக்கிவிட்டாங்க. அப்ப நான் நல்லாச் சதை போட்டிருந்தேன். அவங்க கை பின்தொடையில பட்டதும் நான் அலறிட்டேன். கொஞ்ச நாளாவே தடவிப் பாத்து எனக்குத் தெரியும். அதே குழி. "அம்மா, எனக்கும் யானைக்காலு வந்துருச்சு"ன்னு அழுதேன்.

அந்தம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "போடி பைத்தியக்காரி! யானைக்காலு கொசுவால வர்றது, காலு கீழ வீங்கும். இது நோயே இல்ல. தோலுக்கடியில கொழுப்பு இருக்கு. அதக் கட்டிப் புடிக்கிற நாரும் இருக்கு. நாரு உள்ள இழுக்குது, கொழுப்பு மேல தள்ளுது, குழி விழுது. மெத்தையில பஞ்ச அடைச்சு இடையில இடையில தைக்கிறாங்கல்ல, அதான். பொம்பளைக்குத் தோலு அப்புடி, குண்டுக்கும் வரும், ஒல்லிக்கும் வரும். இந்தத் தோட்டத்துல நான் புள்ள எடுத்தவளுகள்ல முக்காவாசிப் பேருக்கு இருக்கு. ஆத்தா வழியா வரும், அப்பன் வழியா வரும்."

"இதுக்கு மருந்து?"

"என்னத்தத் தேச்சாலும் ரெண்டு நாழிக்குப் பளபளங்கும், அப்புறம் பழையபடிதான். நல்லாச் சாப்புடு, நல்லா நட. மிச்சத்தப் பாவாடை மறைச்சுக்கும்."

இப்ப இதுக்கு செல்லுலைட்டுன்னு பேரு வச்சு, கிரீமு விக்கிறாங்க, மிசினு வச்சுத் தேய்க்கிறாங்க. ஊசி கூட இருக்காம். கொஞ்ச நாளைக்குக் கொறையும், முழுசாப் போகாதுன்னு படிச்ச டாக்டருங்களே சொல்றாங்க. மருத்துவிச்சி அம்மா அன்னைக்குச் சொன்னதுதான்.

கைப்புள்ளைய மாரோட அணைச்சுக்கிட்டு நோர்வூட்ல பஸ் ஏறி, ஹட்டன்ல ரயிலப் புடிச்சு, ஓடிப் போயி அக்காகிட்ட சொன்னேன். அவ கூடைக் கயித்த முடிஞ்சுக்கிட்டிருந்தா. எல்லாத்தையும் கேட்டா. கயித்த இறுக்கி முடிஞ்சுட்டு, "அப்புடின்னா அந்த அட்டையெல்லாம் சும்மாதான் குடிச்சுச்சா?"ன்னு கேட்டா.

கேட்டுட்டுச் சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல. 'கூடிக்கிட்டே வருது'ன்னு அத்தைகிட்ட நான் சொன்னத அன்னைக்காவது அவகிட்ட சொல்லிருவோம்னுதான் போனேன். அவ சிரிக்கிறதப் பாத்துட்டுச் சொல்லாமலே திரும்பிட்டேன்.

மூணு வருஷம் கழிச்சு நெஞ்சுச் சளியில அத்தை செத்துட்டா. அக்கா மொத ரயில்லயே வந்துட்டா. காம்பராவுக்குப் பின்னால நாலு பொம்பளைங்க சேலைய மறைப்பாப் புடிச்சுக்கிட, மருமக நானும் தம்பி மக அவளும் அத்தையக் குளிப்பாட்டுனோம். மஞ்சத்தண்ணி ஊத்திட்டு, முதுகத் தேய்க்க ஒரு பக்கமாத் திருப்புனோம். ஈரச் சேலை ஒட்டிக்கிச்சு.

அத்தை தொடையில, பின்பக்கம், அதே குழி. அக்காவுக்கு இருந்த அதே எடத்துல, அதே மாதிரி.

என் கை நின்னு போச்சு. அவளுக்குத் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேதான் அப்புடிச் செஞ்சாளா? இல்ல, அவ காம்பராவுலயும் கையகலக் கண்ணாடிதானே இருந்துச்சு. அவளும் பாத்திருக்க மாட்டா. அவ பொறந்த வீட்டு வழியாத்தான் எங்களுக்கும் வந்திருக்கு. எனக்கு உள்ளுக்குள்ள பத்திக்கிட்டு வந்துச்சு. அக்காவப் பாத்தேன். அவளும் அதத்தான் பாத்துக்கிட்டிருந்தா.

அவ காஞ்ச சேலை ஒண்ண எடுத்தா. அத்தையோட காலு மேல போத்துனா, நாலு பக்கமும் சொருகிவிட்டா. "மூடுடி"ன்னா மெதுவா. "சனம் வர்ற நேரம். யாராவது பாத்துட்டு அத்தைய எதாச்சும் சொல்லிருவாங்க."

நான் ஒடஞ்சுட்டேன். அவ காலடியில உக்காந்து, "நான்தான்டி, நான்தான்"னு கதறுனேன். 'அன்னைக்கு அத்தைகிட்ட சொன்னது'ன்னு நான் முடிக்கிறதுக்குள்ள அக்கா என் முதுகத் தடவிக் குடுத்தா. "அழாதடி. அத்தை மேல இம்புட்டுப் பாசமா ஒனக்கு?"ன்னு கேட்டா.