தும்மலுக்கு ஒரு கெட்டிமேளம்

கல்லல் வீரலட்சுமி டீச்சருக்கு இசை தெரியாது. இதை அவரே சொல்வார். தெரிந்ததெல்லாம் தட்டுவதுதான். மேசை, டிபன் பாக்ஸ், தண்ணீர்க் குடம், பேருந்தில் முன் சீட்டின் கம்பி என்று கைக்கு எட்டியதையெல்லாம் தட்டுவார். காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் இயற்பியல், நான் தமிழ். ஆசிரியர் அறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கு ஒரு விடைத்தாள் ஓடாது. ஒரு நாள் அவர் கையைப் பிடித்தே நிறுத்திவிட்டேன். கால் தட்ட ஆரம்பித்தது.

கணவர் அய்யப்பன் மஞ்சள் காமாலையில் போனபோது மகள் ரேணுகா மூன்றாம் வகுப்பு. அதோடு டீச்சர் தட்டுவதை நிறுத்திவிட்டார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நம் ஊரில் இதையெல்லாம் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். கல்யாண வீட்டில் சந்தனம் குங்குமத் தட்டு உங்களைத் தாண்டி அடுத்தவரிடம் போகும், அவ்வளவுதான். விவரம் தெரிந்தவர்கள் தாங்களாகவே பந்திப் பக்கம் போய்விட வேண்டும். டீச்சர் விவரம் தெரிந்தவர், போய்விட்டார். எனக்கு அன்றைக்கும் எரிச்சல்தான், இன்றைக்கும் எரிச்சல்தான்.

மாலத்தீவில் ஆசிரியர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டார். வேலை கிடைத்ததும் ரேணுகாவைத் தம்பி மருது வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினார். மருது நல்லவன். அவன் மனைவி சித்ராவும் நல்லவள். இதில் கெட்டவர்கள் யாருமே கிடையாது, அதுதான் தொல்லை.

அவருக்குக் கிடைத்த தீவு மிகச் சின்னது. காலையில் யோசித்துக்கொண்டே நடந்தால் கடல் வந்துவிடும், திரும்பி நடந்தால் அந்தப் பக்கமும் கடல் வந்துவிடும் என்று போனில் சொன்னார். சாப்பாட்டுக்கு மீன், மாறுதலுக்கு வேறு மீன். சாயங்காலமானால் செய்வதற்கு ஒன்றுமில்லை. வீட்டுக்கார அம்மாள் ஷரீஃபாவும் அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரும் கடற்கரையில் பெரிய மேளங்களை மடியில் வைத்துக்கொண்டு பாடுவார்கள். டீச்சர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவார். பக்கத்தில் ஒரு காலித் தண்ணீர்க் கேன் கவிழ்ந்து கிடந்தது. கை சும்மா இருக்குமா? பாட்டு முடிந்ததும் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாள் ஷரீஃபா ஒரு மேளத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் மடியில் வைத்துவிட்டார்.

கடற்கரையோடு இருந்தவரை சரி. தங்கையின் கல்யாண விருந்தில் வாசிக்க வேண்டும் என்று ஷரீஃபா கூப்பிட்டபோது டீச்சர் மறுத்தார். தான் கணவரை இழந்தவள், கல்யாணத்தில் முன்னால் உட்காரக் கூடாது என்று இங்கிலீஷில் விளக்கினார். ஷரீஃபா வருத்தப்பட்டார், என்ன நோய் என்று விசாரித்தார், டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு, "சரி, மேளத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். இத்தனை வருஷம் பாடம் நடத்தியவர் அந்தக் கேள்வியை அன்றைக்கு ராத்திரியே போனில் என்னிடம் கேட்டார்.

விருந்துக்குப் போனார், முன்வரிசையில் உட்கார்ந்தார். நடுவில் ஒரு பெரியவர் மணமக்களை வாழ்த்த எழுந்து, வாயைத் திறந்து, பலமாகத் தும்மினார். நல்ல காரியத்தில் தும்மலோ அழுகையோ காதில் விழக் கூடாது, விழுந்தால் கெட்டிமேளம் அடித்து மூடிவிட வேண்டும் என்பது நம் ஊர் மண்டபங்களில் வளர்ந்த யாருக்கும் தெரியும். டீச்சரின் கை யாரையும் கேட்கவில்லை. இரண்டு கையாலும் வெளுத்து வாங்கினார். பெரியவர் பயந்துபோய் இன்னொரு தும்மல் போட்டார். டீச்சர் இன்னும் பலமாக அடித்தார். ஓய்ந்தபோது கூட்டம் அவரையே பார்த்தது. அப்புறம் கைதட்டியது.

தீவுக்காரர்கள் இதை இந்திய மரபிசை என்று எடுத்துக்கொண்டார்கள். தப்பென்றும் சொல்ல முடியாது. அதிலிருந்து எந்தக் கல்யாணத்தில் யார் தும்மினாலும் மேளக் கூட்டம் மொத்தமும் சேர்ந்து அடித்தது. நாளடைவில் இருமலுக்கும் அடித்தார்கள். ஆஸ்துமாக்காரர் ஒருவர் விருந்துகளுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். டீச்சர் அவர் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டார். இப்படி வருஷங்கள் ஓடின. அங்கே அவர் இல்லாமல் கல்யாணம் இல்லை. விடுமுறைக்கு இங்கே வந்தால் பழையபடி பந்திப் பக்கம். விமானத்தில் ஏறி இறங்குவதற்குள் ஒரு மனுஷி இப்படி மாறிவிடுவாளா என்று ஆத்திரத்தில் கேட்டுவிட்டேன். மாறுவது நான் இல்லை, ஊர்தான் என்றார்.

போன வருஷம் ரேணுகாவுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை பாண்டியராஜனுக்குச் சிங்கம்புணரி, கல்யாணம் காரைக்குடி மண்டபத்தில். மருது போனில் எல்லா ஏற்பாட்டையும் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில் குரலை இறக்கினான்.

"அக்கா, தாரை வாக்க நானும் சித்ராவும் நிண்டுக்கிறோம். நீ பந்தியப் பாத்துக்க. வெளியாளுகள நம்ப முடியாதுல்ல."

டீச்சர் சரி என்றார். ரேணுகா சண்டை போட்டாள், நானும் போட்டேன். டீச்சர் எங்கள் இருவரையும் அடக்கிவிட்டார். பிள்ளை கல்யாணத்தில் ஒரு பேச்சு வந்துவிடக் கூடாதாம். மகள் கழுத்தில் தாலி ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்றார். பந்திக் கூடத்திலிருந்து மேடை தெரியாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

முகூர்த்தத்தன்று காலையில் பந்தியைப் பார்த்தார். சாம்பாரில் உப்புக் குறைகிறது என்று சொல்லிப் போட வைத்தார். காபி குடிக்க வந்த தவில்காரர், தாளம் போடுகிறவருக்குக் காய்ச்சல், ஆள் வரவில்லை என்று அலுத்துக்கொண்டார். டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனார். மேடையில், மணவறைக்குப் பக்கத்திலேயே மேளக்காரர்களின் ஜமுக்காளம். அதில் உட்கார்ந்து வெண்கலத் தாளத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மேளக்காரருக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எந்தக் கல்யாணத்திலும் யாரும் கேட்டதில்லை. நம் மண்டபத்தில் அந்த ஓர் இடம்தான் பாக்கி இருந்தது, அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

மருது வந்து குனிந்தான். "அக்கா, எல்லாரும் பாக்குறாக."

"தாளம் இல்லாம மேளம் எப்படிடா? நீ அங்குட்டுப் போய்த் தாரையப் பாரு."

சம்பந்தியம்மாள் தேவிகா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஐயர் மாங்கல்யத்தைக் கையில் எடுத்துவிட்டார்.

தாலி ஏறியது. டீச்சர் இமைக்காமல் பார்த்தார். மண்டபமே எழுந்து அட்சதை போட்டது. அவர் மட்டும் போடவில்லை. இரண்டு கையிலும் தாளம், நடுவில் நிறுத்த முடியாது. பெற்ற மகள் மேல் ஒரு மணி அரிசி போட அவருக்குக் கை இல்லை. கண்ணீர் ஓடியது, துடைக்கவும் கை இல்லை. அவருக்கும் சேர்த்து நான் இரண்டு தரம் போட்டேன். அதெல்லாம் சேருமா என்று எனக்குத் தெரியாது. அழுதுகொண்டேதான் போட்டேன்.

பெரியவர்கள் காலில் விழுகிற நேரம் வந்தது. சித்ரா மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் பக்கம் கைகாட்ட, ரேணுகா மாப்பிள்ளையைக் கையோடு இழுத்துக்கொண்டு நேராக ஜமுக்காளத்துக்கு வந்து விழுந்தாள். நாதஸ்வரம் நின்றது. டீச்சர் தாளத்தைக் கீழே வைத்துவிட்டு அட்சதைக்காக அக்கம்பக்கம் பார்த்தார். யார் கையிலும் மிச்சம் இல்லை. வெறுங்கையைத்தான் இருவர் தலையிலும் வைத்தார். வைத்த கையை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.