முதல் துண்டு கேக்

ஊரடங்கில் எங்கள் செஞ்சி பேரூராட்சிக்காகத் தெருத்தெருவாய் பிளீச்சிங் பவுடர் போட்டவள் கலைச்செல்வி. அவளைக் கண்டால் தெருவே கதவைச் சாத்தும். பக்கத்து வீட்டுக்காரனான நான் ஜன்னலை மட்டும் திறந்து வைப்பேன். ஊர்ச் சேதி வேண்டுமே.

அன்று அவள் மகள் மஞ்சுவுக்கு ஆறாவது பிறந்தநாள். பேக்கரி எல்லாம் மூடல். புருஷன் தேவேந்திரன் குக்கரிலேயே ரவை கேக் செய்துவிட்டான். கலைச்செல்விதான் காய்ச்சல் வந்து, மூன்று நாளாக வாசல் கொட்டகையில் தனியே கிடந்தாள். கொரோனா டெஸ்ட் ரிசல்ட் இன்னும் வரவில்லை.

"நைனா ஊட்றேன், வாயத் தொற" என்றான் தேவேந்திரன்.

"மொதத் துண்டு அம்மாதான் எப்பவும் ஊட்டும்" என்று மஞ்சு கொட்டகைக்கு ஓடினாள்.

"கிட்ட வராத, அங்கியே நில்லுடி." கலைச்செல்வி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். தேவேந்திரன் பாய்ந்து பிள்ளையைப் பிடித்தான்.

போன் அடித்தது. பனமலையிலிருந்து அவள் அண்ணி. "இன்னா கலை, கேக் வெட்டியாச்சா?"

"வை அண்ணி, ரிசல்ட் சொல்லக் கூப்புடுவாங்க."

மறுபடி அடித்தது. "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தவள், எழுந்து போய் சோப்பு போட்டு முழங்கைவரை தேய்த்தாள்.

"இன்னாம்மா சொன்னாங்க?" என்னால் பொறுக்க முடியவில்லை.

"கொரோனா இல்லையாம்ணா."

இரண்டாம் தரமும் சோப்பு போட்டாள். கை காயும் முன்பே மஞ்சு எதிரில் வந்து வாயைத் திறந்து நின்றாள்.